ஜமா சங்கமான கதை: ஒரு தெருக்கூத்துக் குழுவின் இணையவழிப் பதிவும் மானிய விண்ணப்பமும்

திருவண்ணாமலை மாவட்டத்தில் செய்யாற்றை ஒட்டிய ஓர் ஊரில் மூன்று தலைமுறையாக ஆடிவரும் தெருக்கூத்து ஜமா (கூத்துக் குழு) ஒன்று, 2020ஆம் ஆண்டின் இறுதியில் சங்கமாகப் பதிவாகி, நான்காவது ஆண்டில் ஒன்றிய கலாசார அமைச்சகத்தின் நிதியுதவிக்கு இணையவழியாக விண்ணப்பித்தது. அந்தக் காலம் முழுவதும் அவர்களுடைய காகித வேலைகளில் உடனிருந்தவன் என்ற முறையில் இந்த நிகழ்வைப் பதிவு செய்கிறேன். ஜமாவின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் அவர்கள் விருப்பப்படி விட்டுவிட்டேன். நடந்த தவறுகளில் பாதி என்னுடையவை என்பதால் அவற்றை மறைக்காமல் எழுதுவது எனக்கு எளிது.

பாரதக் கூத்துக்குப் பருவம் உண்டு. பங்குனியை ஒட்டித் தொடங்கி ஆடி வரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்துமாக நடக்கும். துரியோதனன் மாளும் படுகளக் காட்சியோடு கடைசி நாள் முடியும். அந்த நான்கைந்து மாத வருமானம்தான் ஆண்டு முழுவதற்கும். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, அவ்வாண்டுப் பருவத்துக்கு வெற்றிலைப் பாக்கோடு வாங்கிய அச்சாரப் பணம் இவர்கள் கையில் இருந்தது, ஆட்டம் மட்டும் இல்லை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தின் உறுப்பினர் அட்டை வைத்திருந்தவர்கள் தனித்தனியே அரசின் நிவாரணத்தைப் பெற்றார்கள். ஜமா என்ற அளவில் எவரிடமும் எதுவும் கேட்க வழியில்லை, ஏனெனில் காகிதத்தில் அப்படி ஒன்று இருக்கவில்லை. வாரிய அட்டை தனி ஆளுக்கு உரியது, சங்கப் பதிவு குழுவுக்கு உரியது என்ற வேறுபாடே அந்த ஆண்டில்தான் அவர்களுக்குத் தெளிவாயிற்று.

பதிவு செய்துவிட்டால் மானியம் வந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அது உண்மையன்று. பதிவுச் சான்றிதழ், பான் அட்டை, வங்கிக் கணக்கு, தர்ப்பண் எண் (தொண்டு அமைப்புகளுக்கான ஒன்றிய அரசின் இணைய அடையாள எண்), மூன்றாண்டுத் தணிக்கைக் கணக்கு, பிறகு விண்ணப்பம் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆறு வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் முந்தைய வாசலில் கொடுத்த தாளைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே முதல் தாளில் விழுந்த பிழை ஆறாவது வாசலில் போய் நிற்கும். கடைசி விண்ணப்பப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் ஆவணத்தை எழுதியிருக்க வேண்டும் என்பதை நான் மூன்றாவது வாசலில்தான் உணர்ந்தேன்.

அறக்கட்டளையா, சங்கமா?

அறக்கட்டளை எளிது. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம் எழுதிப் பதிந்தால் முடிந்தது; ஏழு பேர் தேவையில்லை, பொதுக்குழு தேவையில்லை. ஆனால் அதை நிறுவியவரும் அவருடைய வாரிசுகளும் அறங்காவலர்களாகத் தொடர வழி இருப்பதால், நாளடைவில் அது ஜமாவை நடத்தும் கூத்து வாத்தியாருடைய குடும்பத்தின் சொத்தாகப் பார்க்கப்படும் என்று ஜமாவில் இளையவர்கள் தயங்கினார்கள். வாத்தியாரும் அதையே சொன்னார். கிரீடமும், தோளில் கட்டும் மர அணிகலனான புஜக்கட்டையும் யார் பணத்தில் செய்தவை என்ற சண்டையில் ஜமாக்கள் இரண்டாக உடைந்ததை அவர் நேரில் பார்த்தவர். எனவே 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கமாகப் பதிவதென முடிவாயிற்று. மற்றப் பல மாநிலங்களில் 1860ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் நடைமுறையில் இருக்க, தமிழ்நாட்டில் 1978 முதல் இந்தத் தனிச் சட்டமே நடைமுறை. குறைந்தது ஏழு பேர் சேர்ந்து சங்க விதிமுறைக் குறிப்பிலும் துணை விதிகளிலும் கையொப்பமிட வேண்டும். மாவட்டப் பதிவாளர்தான் பதிவு அலுவலர்.

ஏழு பேரைத் திரட்டுவதில் சிக்கல் எதுவும் இல்லை. ஜமாவில் 14 பேர். யார் எந்தப் பொறுப்பில் அமர்வது என்பதில்தான் இரண்டு வாரம் போயிற்று. கூத்தில் வாத்தியார் சொன்னால் சொன்னதுதான். அவருக்கு மேல் தலைவர் என்று ஒருவர் இருக்க முடியாது. ஆனால் அவரே தலைவராகவும் இருந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை தேர்தலில் நின்று தோற்கவும் கூடும் என்பதை எவராலும் ஏற்க முடியவில்லை. கடைசியில், ஆட்டம் தொடர்பான எல்லாவற்றிலும் முடிவு செய்யும் பொறுப்பு 'கலை ஆசிரியர்' ஒருவரிடம் இருக்கும், அவர் செயற்குழுவால் நியமிக்கப்படுவார் என்று துணை விதியில் ஒரு பிரிவு சேர்த்தோம். தலைவராக மிருதங்கக்காரரும், எழுதப் படிக்க விரைவானவர் என்பதால் செயலாளராகக் கட்டியக்காரன் வேடம் கட்டுபவரும், பொருளாளராக ஆர்மோனியக்காரரும் வந்தார்கள். சபை நடுவே எவரையும் கிண்டல் செய்ய உரிமை பெற்ற கட்டியக்காரன்தான் நடவடிக்கைக் குறிப்பேட்டையும் எழுதுகிறார் என்பதால் அந்தக் குறிப்பேடு இன்றும் படிக்கச் சுவையானது.

பங்கு என்ற சொல்

இந்த நிகழ்வில் மிகுந்த யோசனையைக் கேட்டது ஒரே ஒரு சொல். ஒரு ராத்திரிக்கு ஊர்க்காரர்கள் கொடுக்கும் தொகையில் வண்டிக்கூலி, விளக்குச் செலவு போக மிச்சத்தை ஜமா 'பங்கு' போட்டுக்கொள்ளும். வாத்தியாருக்கு இவ்வளவு, தலைவேடக்காரருக்கு இவ்வளவு, பின்பாட்டுக்காரருக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. வேடப் பெட்டிக்கென்றும் ஒரு பங்கு ஒதுக்குவார்கள். அது உடைகளையும் கட்டைகளையும் பழுதுபார்க்க. யாருக்கும் மனக்குறை இல்லாத, தலைமுறைகளாக ஓடிவரும் ஏற்பாடு. ஆனால் ஆவண எழுத்தர் ஒருவர் முதலில் எழுதிக்கொடுத்த வரைவில் 'சங்கத்தின் வருமானம் உறுப்பினர்களுக்குள் பங்கிடப்படும்' என்று இதை அப்படியே எழுதியிருந்தார். ஒரு வரியில் எல்லாமே கெட்டிருக்கும். உறுப்பினர்கள் இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் அமைப்பு இந்த வகைச் சங்கமே அன்று; அதற்கு வரிவிலக்கும் கிடைக்காது, மானியமும் கிடைக்காது.

ஜமாவின் வழக்கத்தை மாற்றச் சொல்வதற்கு எனக்கு உரிமையில்லை, மாற்றவும் தேவையிருக்கவில்லை. நடந்ததை வேறு சொல்லால் சரியாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு கலைஞர் இரவு முழுவதும் ஆடியதற்குப் பெறுவது இலாபப் பங்கன்று, உழைப்புக்குரிய மதிப்பூதியம். ஆகவே ஒவ்வொரு வேடத்துக்கும் வாத்தியத்துக்கும் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று செயற்குழு ஆண்டுதோறும் விகிதம் நிர்ணயிக்கும், அதற்குமேல் மிஞ்சுவது சங்கத்தின் கணக்கில் நிற்கும், எந்த உறுப்பினருக்கும் உறுப்பினர் என்ற முறையில் எதுவும் வழங்கப்படாது என்று எழுதினோம். வேடப் பெட்டிப் பங்கு 'உடை, அணிகலன் பராமரிப்பு நிதி' ஆயிற்று. சங்கம் கலைக்கப்பட்டால் மிஞ்சும் சொத்து இதே நோக்கமுள்ள வேறொரு சங்கத்துக்குப் போகும் என்ற பிரிவையும் சேர்த்தோம். இதைப் படித்துக் காட்டியபோது பொருளாளர், "அப்போ மழை வந்து பாதி ராத்திரியில ஆட்டம் நின்னா, ஊர்க்காரங்க பாதிப் பணம் கொடுத்தா?" என்று கேட்டார். சரியான கேள்வி. அதற்கும் ஓர் உட்பிரிவு எழுதினோம்.

நோக்கங்கள் பகுதியும் முதல் வரைவில் வேறு மாதிரி இருந்தது. ரத்த தான முகாம், மரக்கன்று நடுதல், கணினிப் பயிற்சி, முதியோர் இல்லம், சுற்றுச்சூழல் விழிப்புணர்வு என்று இருபதுக்கும் மேற்பட்ட நோக்கங்கள், அவற்றுக்கு நடுவே பதினாறாவதாக 'கலை நிகழ்ச்சிகள் நடத்துதல்'. எல்லாம் போட்டு வைத்தால் பின்னால் உதவும் என்பது ஆவண எழுத்தர்களிடையே பரவலான எண்ணம். கலாசார அமைச்சகத்தின் திட்டங்கள் விண்ணப்பிக்கும் அமைப்பு முதன்மையாகக் கலை, பண்பாட்டுத் தன்மையுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. நோக்கங்களை ஆறாகக் குறைத்து, தெருக்கூத்து ஆடுதல், கற்பித்தல், பனுவல்களையும் பாடல்களையும் எழுதிப் பாதுகாத்தல், கட்டை அணிகலன் செய்யும் தொழிலை வளர்த்தல் என்று முதல் வரியிலேயே கொண்டுவந்தோம். பதிவுக்குப் பிறகு இதைத் திருத்த வேண்டுமானால் சிறப்புத் தீர்மானம் போட்டு மறுபடி பதிவாளரிடம் போக வேண்டும்; வரைவில் திருத்துவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

இரண்டு 'ஓ' அல்லது ஒரு 'யூ'

இனி என் தவறு. பதிவுத்துறையின் இணையதளத்தில் பயனர் கணக்குத் தொடங்கி, சங்கத்தின் பெயர், முகவரி, உறுப்பினர் விவரங்களை உள்ளிட்டு, ஆவணங்களைப் பதிவேற்றி, கட்டணம் செலுத்தி, கையொப்பமிட்ட தாள்களை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தோம். முகவரிக்கு வாத்தியார் வீட்டு வரி ரசீதும் அவருடைய சம்மதக் கடிதமும். வேடப் பெட்டிகள் அவர் வீட்டுப் பின்தாழ்வாரத்தில்தான் இருந்தன என்பதால் அது உண்மையான முகவரியும்கூட. சான்றிதழ் தமிழ்ப் பெயரோடு வந்தது. எல்லோரும் மகிழ்ந்தோம். சங்கத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று எவரும் முடிவு செய்யவில்லை.

'கூத்து' என்ற மூன்றெழுத்துச் சொல்லை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தால் விளங்கும். 'கே'யை அடுத்து இரண்டு 'ஓ' போடலாம், ஒரு 'யூ' போடலாம். 'த்து'வுக்கு 'டிஎச்' ஒருமுறை எழுதலாம், இருமுறை எழுதலாம், இரட்டை 'டி' மட்டும் போடலாம். முன்னால் வரும் 'தெரு'வை 'டிஎச்' கொண்டும் வெறும் 'டி' கொண்டும் தொடங்கலாம்; இரண்டையும் சேர்த்தும் பிரித்தும் எழுதலாம். பான் விண்ணப்பத்தை நிரப்பியவர் ஒரு விதமாக எழுதினார். வங்கிக் கிளையில் கணக்குத் தொடங்கியவர் இன்னொரு விதமாகத் தட்டினார், அதோடு பெயர் நீளமாக இருந்ததால் 'சங்கம்' என்பதைக் கடைசியில் வெட்டிவிட்டார். முத்திரைக் கட்டை செய்தவர் மூன்றாவது விதமாகச் செதுக்கினார். தமிழ்நாட்டில் பாதிப் பேருடைய பெயர் பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் இருப்பதால் இது யாருக்கும் உறுத்தவில்லை.

கணினிக்கு உறுத்தும். மானியம் வழங்கும் ஒன்றிய அமைச்சகங்களுக்கு விண்ணப்பிக்க விரும்பும் அமைப்பு, நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்ப்பண் இணையதளத்தில் தன் விவரங்களைப் பதிந்து தனி அடையாள எண் பெற வேண்டும். மாநிலக் குறியீடு, ஆண்டு, ஏழு இலக்கம் என்று அந்த எண் அமையும். இந்தப் பதிவில் அமைப்பின் பான் விவரமும், பொறுப்பாளர்களில் குறைந்தது மூவருடைய பான், ஆதார் விவரங்களும் சரிபார்க்கப்படுகின்றன. நாங்கள் சான்றிதழைப் பார்த்துத் தட்டிய பெயரும் பான் தரவுத்தளத்தில் இருந்த பெயரும் ஒத்துப்போகவில்லை. பொறுப்பாளர்களின் பெயரிலும் அதே நிலை. நம் வழக்கப்படி முன்னால் நிற்கும் ஓரெழுத்துத் தலைப்பு (இனிஷியல்), பான் அட்டையில் தகப்பனார் பெயராக விரிந்து கடைசிப் பெயராகப் போயிருந்தது. ஆதாரில் அது பின்னால் ஓரெழுத்தாக நின்றது. மூவரில் இருவருக்கு இப்படி. ஆதாரைத் திருத்த ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் செயற்குழுவைக் கூட்டி, சங்கத்தின் ஆங்கில எழுத்துக்கூட்டல் இதுதான் என்று ஒரு தீர்மானம் போட்டோம். பான் அட்டையில் இருந்த வடிவத்தையே ஏற்றோம். அதுதான் மற்ற எல்லா இணையதளங்களும் ஒப்பிட்டுப் பார்க்கும் மூலம். அந்தத் தீர்மானத்தின் நகலைக் காட்டி வங்கிக் கணக்கின் பெயரைத் திருத்தினோம், முத்திரையை மாற்றினோம். எழுத்துக்கூட்டலை ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி, செயலாளர் தன் கைபேசி உறைக்குள் செருகி வைத்திருக்கிறார். சிறு வேலைதான். முதல் கூட்டத்திலேயே செய்திருந்தால் ஐந்து மாதம் மிச்சமாகியிருக்கும்.

கடவுச்சொல்லும் ஒருமுறை எண்ணும்

இணையவழிப் பதிவைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. கிராமத்து அமைப்புகளின் பயனர் கணக்குகள் பெரும்பாலும் நெட் சென்டர்காரரின் மின்னஞ்சலிலும் கைபேசி எண்ணிலும்தான் பிறக்கின்றன. அவர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஓடிபி வரும்போது வாடிக்கையாளர் அருகில் இருக்கமாட்டார், வேலை நின்றுவிடும். இந்த ஜமாவின் முதல் கணக்கும் அப்படித்தான் தொடங்கியது. ஓராண்டு கழித்து அந்தக் கடை மூடிப்போய், அவர் ஊர் மாறி, எண்ணையும் மாற்றிவிட்டார். கடவுச்சொல்லை மீட்க இணையதளம் அனுப்பிய எண் யாருடைய கைபேசிக்கோ போயிற்று.

அதன்பின் சங்கத்துக்கென்று தனியாக ஒரு சிம் அட்டையும் ஒரு மின்னஞ்சலும் ஏற்படுத்தினோம். அதிலும் ஒரு தடை வந்தது. அந்தச் சிம் செயலாளரிடம் இருந்தது. பருவ காலத்தில் அவர் இரவு பத்து மணிக்கு வேடம் கட்டி, விடிந்து அரிதாரம் கழுவி, காலை எட்டு மணிக்குப் படுப்பவர். தணிக்கையாளர் அலுவலகம் திறந்து, வருமான வரி இணையதளத்தில் நுழைந்து, ஓடிபிக்காக அவரை அழைப்பது பதினொரு மணிக்கு. பங்குனியிலும் சித்திரையிலும் அழைப்பை அவர் ஒருமுறைகூட எடுக்கவில்லை. இணையவழி வேலைகளைப் புரட்டாசி முதல் மார்கழி வரை வைத்துக்கொள்வதென்று ஒரு வழக்கம் பிறகு தானாக ஏற்பட்டது.

வரிவிலக்குப் பதிவை விரைந்து சொல்லிவிடலாம். அப்போது நடைமுறையில் இருந்த 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி, 2021 ஏப்ரல் முதல் புதிய அமைப்புகள் 10ஏ படிவத்தில் விண்ணப்பித்து 12ஏபி பிரிவின்கீழ் மூன்றாண்டுக்குத் தற்காலிகப் பதிவு பெற்றன. பின்னர் 10ஏபி படிவத்தில் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தற்காலிகப் பதிவு எளிதில் கிடைத்துவிடுவதால் இரண்டாவது படிவத்தை மறந்துவிடுகிற அமைப்புகள் பல. இவர்கள் மறக்கவில்லை, தணிக்கையாளர் நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தார். வெளிநாட்டில் இருக்கும் கூத்து ஆர்வலர் ஒருவர் சங்கத்தின் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்புவதாகச் சொன்னதையும் தடுத்தோம். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல், புதுதில்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கெனத் தனிக் கணக்கும் இல்லாமல், அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது.

மூன்றாண்டுக் காத்திருப்பு

கலாசார அமைச்சகத்தின் கலா சன்ஸ்கிருதி விகாஸ் யோஜனா என்ற பெருந்திட்டத்துக்குள் பல உட்பிரிவுகள் உள்ளன. இவர்களுக்குப் பொருந்துபவை இரண்டு. குரு சிஷ்ய பரம்பரையை வளர்ப்பதற்கான நிதியுதவியில் குருவுக்கு மாதம் 15,000 ரூபாயும், அதிகபட்சம் 18 மாணவர்களுக்கு அவரவர் வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 ரூபாய் வரையும் வழங்கப்படுகிறது. கலாசார நிகழ்ச்சி, தயாரிப்பு மானியத்தில் விழா, பயிலரங்கு, நாடகத் தயாரிப்பு போன்றவற்றுக்கு ஓர் அமைப்புக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலும், விதிவிலக்கான சூழலில் 20 லட்சம் வரையிலும் கிடைக்க இடமுண்டு. அமைப்பு குறைந்தது மூன்றாண்டு செயல்பட்டிருக்க வேண்டும் என்பதும், ஆண்டறிக்கைகளும் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளும் இணைக்கப்பட வேண்டும் என்பதும் நிபந்தனை.

மூன்று தலைமுறையாக ஆடுகிறோமே என்று வாத்தியார் கேட்டார். ஆடியது உண்மை, அதற்குத் தணிக்கைக் கணக்கு இல்லை. இந்த இடத்தில் ஒரு தரகர் வந்து, பத்தாண்டுக்கு முன் பதிந்து செயல்படாமல் கிடக்கும் சங்கமொன்றை வாங்கித் தருவதாகவும், படிவம் 7 போட்டு நிர்வாகிகளை மாற்றிவிட்டால் அடுத்த மாதமே விண்ணப்பிக்கலாம் என்றும் சொன்னார். இப்படிச் சங்கங்கள் கைமாறுவது எல்லோரும் அறிந்ததே. செயல்படாத சங்கத்துக்குப் பழைய கணக்கு எங்கிருந்து வரும் என்று கேட்டால், அதையும் எழுதித் தருவார்கள் என்பதுதான் பதில். அது பொய்க் கணக்கு. அரசுப் பணத்தை வாங்கப் பொய்க் கணக்குக் காட்டுவது குற்றம் என்பதோடு, பிடிபட்டால் ஜமாவின் பெயரே கெடும். காத்திருப்பதென்று செயற்குழு முடிவு செய்ததில் எனக்கு மனநிறைவு. வாத்தியாருக்கு அப்போது எழுபது வயது நெருங்கிக்கொண்டிருந்ததால் அந்த முடிவு அவருக்கு எளிதாக இருந்திருக்காது.

காத்திருந்த காலம் வீணாகவில்லை. 2021–22, 2022–23, 2023–24 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு, ஊர் ஊராக வாங்கிய அச்சாரத்துக்கு ரசீது கொடுத்தார்கள். கோயில் நிர்வாகிகளுக்கு முதலில் அது வேடிக்கையாக இருந்தது. ஒவ்வோர் இரவுக்கும் ஒரு பக்கம் என்று பேரேடு வைத்தார்கள்: ஊர், கோயில், ஆடிய கூத்து, வேடம் கட்டியவர்கள், வாங்கியது, கொடுத்தது. திரௌபதி கல்யாணம், அர்ச்சுனன் தபசு, துகிலுரிதல், பதினெட்டாம் போர் என்று எந்தக் கூத்து எத்தனை இரவு என்பதும் அதிலேயே தெரிந்தது. ஆண்டறிக்கைக்கு வேறெதுவும் எழுதத் தேவையிருக்கவில்லை, அந்தப் பேரேட்டைச் சுருக்கினாலே போதுமானதாக இருந்தது.

விண்ணப்பமும் கணக்கும்

2024இல் அமைச்சகத்தின் திட்ட மேலாண்மை இணையதளத்தில், தர்ப்பண் எண்ணைக் கொண்டு, நிகழ்ச்சி, தயாரிப்பு மானியத்துக்கு விண்ணப்பித்தோம். ஐந்து இரவு பாரதக் கூத்து. இளைஞர்கள் தலைவேடம் கட்டுவது. செலவு மதிப்பீட்டில் நான் முதலில் 'உடை, ஒப்பனை' என்று ஒரே வரியாகப் போட்டிருந்தேன். செயலாளர் அதைப் பிரித்து, கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம், சலங்கை, அரிதாரம், முகவீணை என்ற ஊதுகருவிக்கான சீவாளி என்று தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் செய்பவரிடம் விலைப்புள்ளி வாங்கி இணைத்தார். மதிப்பீட்டைப் படிக்கும் குழு கூத்தை அறிந்ததோ இல்லையோ, கட்டைக்கு எந்த மரம், எத்தனை நாள் வேலை, கண்ணாடித் துண்டு எத்தனை என்ற விவரத்தைப் பார்த்தால் இது உண்மையான ஜமா என்று புரியும். அந்தத் திருத்தம் என் வரைவைவிட மேலானது.

நிகழ்ச்சி நாளைக் குறிப்பதில் ஒரு நுட்பம் இருந்தது. கூத்து இரவு பத்துக்குத் தொடங்கி மறுநாள் காலை ஆறுக்கு முடிகிறது. ஐந்து இரவு என்றால் நாட்காட்டியில் ஆறு தேதிகள். ஐந்து தேதிகளை மட்டும் குறித்திருந்தால் கடைசி நாள் காலையில் கொடுத்த வண்டிக்கூலி, சாப்பாட்டு ரசீதுகள் நிகழ்ச்சிக் காலத்துக்கு வெளியே போயிருக்கும். ஆறு தேதிகளையும் எழுதி, விடிய விடிய நடக்கும் நிகழ்ச்சி என்று ஒரு வரி விளக்கமும் சேர்த்தோம்.

ஒப்புதல் வந்தபின் பணம் பெறுவதற்குப் பொது நிதி மேலாண்மை முறைமையில், அதாவது பிஎஃப்எம்எஸ் தளத்தில், சங்கம் பணம் பெறும் முகமையாகப் பதிவாக வேண்டியிருந்தது. முகமையின் வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் 'பதிவு பெற்ற சங்கம்' என்பது இரண்டு இடத்தில் வருகிறது: ஒன்று அரசின் தன்னாட்சி அமைப்புகளுக்கு, மற்றது அரசு சாராதவற்றுக்கு. மேலே நிற்பதைச் சொடுக்கிவிட்டுப் பின்னர் திருத்த அலைபவர்களை நான் முன்பே பார்த்திருந்ததால் அது தப்பிற்று. வங்கிக் கணக்கின் பெயரைத் தளம் வங்கியோடு சரிபார்த்தது. எழுத்துக்கூட்டல் சீட்டு இருந்ததால் முதல் முயற்சியிலேயே ஒத்துப்போயிற்று.

ஒப்புதலான தொகை 2 லட்சம். திட்டத்தின் முறைப்படி முதலில் 75 விழுக்காடும், நிகழ்ச்சி முடிந்து கணக்கு ஒப்படைத்த பிறகு 25 விழுக்காடும். ஆகவே 50,000 ரூபாயைச் சங்கம் முதலில் கைப்பணமாகப் போட வேண்டும். உடை, அணிகலன் பராமரிப்பு நிதியில் இருந்தது 32,000. மீதியை மிருதங்கக்காரர் வட்டியில்லாமல் கொடுத்தார், அதற்கும் தீர்மானம் எழுதினோம். மானியத்தை எதிர்பார்க்கும் சிறு குழுக்கள் எவரும் இந்தக் கால்பங்குத் தொகையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நிகழ்ச்சி நடத்தக் கடன் வாங்கி, இரண்டாம் தவணை வரும்வரை அதற்கு வட்டி கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

பொது நிதி விதிகள் 2017இன்படி பயன்பாட்டுச் சான்றிதழ் 12-ஏ படிவத்தில், நிதியாண்டு முடிந்த 12 மாதத்துக்குள் கொடுக்கப்பட வேண்டும். இங்கு இழுபறியானது மதிப்பூதியப் பற்றுச்சீட்டுகள். வங்கி வழியாகக் கொடுத்தவை சிக்கலில்லை. அரிதாரம் பூசும் முதியவர் ஒருவருக்கும் முகவீணைக்காரருக்கும் கணக்கு முடங்கிக் கிடந்ததால் ரொக்கமாகக் கொடுத்தார்கள். 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையொப்பமிட வேண்டும். முகவீணைக்காரருடைய சீட்டில் ஸ்டாம்ப் இல்லை. தபால் நிலையத்தில் ஸ்டாம்ப் தீர்ந்திருந்தது. அடுத்த ஊரில் வாங்கிக்கொண்டு போனால் அவர் ஆரணிப் பக்கம் வேறொரு ஜமாவோடு ஆடப் போயிருந்தார். செயலாளர் இரவு ஒரு மணிக்கு அந்த ஊர்க் கூத்துக்களரிக்குப் போய், இரண்டு பாட்டுக்கு நடுவே பின்பாட்டு விசுப்பலகையின் ஓரத்தில் வைத்து அவரிடம் கையொப்பம் வாங்கினார்.

இரண்டாம் தவணை அடுத்த நிதியாண்டில் சங்கத்தின் கணக்கில் வரவாயிற்று; மிருதங்கக்காரரின் கைமாற்று அதே வாரம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. செயற்குழுவின் பதவிக்காலம் முடிந்து புதிய குழு தேர்வாகியிருப்பதால் படிவம் 7 பதிவாளரிடம் தாக்கலாகியுள்ளது, தர்ப்பண் தளத்திலும் பொறுப்பாளர் விவரங்கள் மாற்றப்பட்டுவிட்டன. குரு சிஷ்ய பரம்பரை நிதியுதவிக்கான மாணவர் பட்டியலை இப்போது தயாரிக்கிறார்கள். 11 பேர் சேர்ந்திருக்கிறார்கள்; அவர்களில் மூன்று சிறுமிகளின் பெயர் ஆதாரிலும் வங்கிப் புத்தகத்திலும் ஒத்துப்போகவில்லை என்பதால், புரட்டாசி பிறந்ததும் முதல் வேலையாக அவற்றைத் திருத்தச் செயலாளர் நாள் குறித்திருக்கிறார்.